இரவல் துப்பாக்கி

மருந்து போடாமலேயே குண்டை இறக்கிவிட்டேன். யாரும் பார்க்காத இடத்தில் நடந்திருந்தால் பரவாயில்லை. இண்டியானா மாநிலத்தில் ஃபிரெண்ட்ஷிப் என்கிற குட்டி ஊரில், குழலின் வாய்வழியாக மருந்தேற்றும் பழங்காலத் துப்பாக்கிகளுக்கான ஜூன் மாதப் போட்டி நடக்கும்போது, இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நிற்க, நடுவில் நான். விசையை இழுத்தேன், சுத்தியல் வெடித்தொப்பியின் மேல் விழுந்து ‘டப்’ என்றது, அவ்வளவுதான். துப்பாக்கியை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். வேறு தொப்பி மாட்டினேன், மறுபடியும் ‘டப்’. அப்புறம்தான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். நான் அளந்து வைத்த கருமருந்து, மேசை மேல் அளவைக் குழாயில் அப்படியே இருந்தது.

கையைத் தூக்கினேன். எழுபதைத் தாண்டிய ஒரு ரேஞ்ச் ஆபீசர் (சுடுகளத்தைக் கண்காணிப்பவர்) மெதுவாக நடந்து வந்தார். மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வரிசையைப் பார்த்துத் திரும்பி, “இன்றைக்கு மருந்தில்லாமல் குண்டு இறக்கினவர்கள் யார் யார்?” என்று சத்தமாகக் கேட்டார். மூன்று கைகள் உயர்ந்தன. கோடியில் நின்ற ஒரு பாட்டி இரண்டு கையையும் தூக்கினார், அன்று காலையில் மட்டும் இரண்டு தடவையாம். பெரியவர் சட்டைப்பையிலிருந்து கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் மாட்டிய ஒரு சின்னக் கருவியை எடுத்து, தொப்பி மாட்டுகிற முளையில் பொருத்தி அழுத்தினார். ‘புஸ்’ஸென்று ஒரு சத்தம், குண்டு சில கஜம் தள்ளிப் புல்லில் விழுந்தது. “சரி, முதலிலிருந்து ஆரம்பி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த விளையாட்டைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் இந்தக் கதையில்தான் ஆரம்பிப்பேன்.

மசில்லோடர் என்றால் ஒன்றும் பெரிய விஷயமில்லை. நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வோமே, நரிக்குறவர் தோளில் தொங்கிப் பார்த்திருப்போமே, அதே வேலைமுறைதான். தோட்டாவைச் செருகிச் சுடுகிற சமாச்சாரமே கிடையாது. குழலின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, எண்ணெய் தடவிய துணித் துண்டில் ஈயக் குண்டைச் சுற்றி வைத்து, நீளக் கோலால் அடிவரை இறக்கி, அப்புறம் சுட வேண்டும். ஒரு வெடிக்கு இவ்வளவு வேலை. பற்றவைக்கிற விதத்தில் இரண்டு பெரிய சாதிகள் உண்டு. பழையது சிக்கிமுக்கிக் கல் வகை: கல் எஃகுத் தகட்டில் உரசி, பொறி பறந்து, பக்கத்துக் கிண்ணியில் இருக்கும் தூள் பற்றி, அந்த நெருப்பு ஒரு சின்னத் துளை வழியாக உள்ளே போகும். பிந்தியது தொப்பி வகை: முளையின் மேல் சின்ன செம்புத் தொப்பி, அதைச் சுத்தியல் தட்டினால் தீ நேராக உள்ளே. நான் சொதப்பியது இரண்டாவது வகையில். முதல் வகையில் சொதப்புவதற்கு இன்னும் நிறைய வழிகள் இருக்கின்றன, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஓஹையோவில் சின்சினாட்டி பக்கம் குடியிருக்கும், கணினி வேலை பார்க்கிற, வாழ்நாளில் தீபாவளித் துப்பாக்கி தவிர வேறெதையும் தொடாத ஒருவன் இதற்குள் எப்படிப் போனான்? மகளால். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. எங்கள் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) ‘ஃபோர்-எச்’ என்கிற இளையோர் இயக்கம் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கத் துறை வழியாக நாடு முழுக்க நடப்பது. ஆடு மாடு வளர்ப்பதிலிருந்து தையல், ரோபோ வரைக்கும் சொல்லித் தருவார்கள். அதில் துப்பாக்கி சுடுதல் ஒரு பிரிவு, அதற்குள் மசில்லோடர் ஓர் உட்பிரிவு. அவள் முயல் வளர்க்கத்தான் சேர்ந்தாள். திரும்பி வரும்போது இந்தப் படிவத்தோடு வந்தாள். “அப்பா, இதுல ஒவ்வொரு குண்டையும் நாமளே போடணுமாம்” என்றாள். அவளைப் பிடித்தது அந்த ஒரு வரிதான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் லேசில் சம்மதம் கிடைக்கவில்லை. இந்த நாட்டுச் செய்திகளைப் பார்க்கிற எந்த அம்மாவும் கேட்கிற கேள்விகளைத்தான் என் மனைவி கேட்டாள், எனக்கும் அவற்றுக்குப் பதில் தெரியவில்லை. கடைசியில், முதல் இரண்டு வகுப்புக்கு நானும் கூடவே உட்கார்வது, பிடிக்கவில்லை என்றால் மூன்றாவதுக்குப் போகவேண்டாம் என்று முடிவாயிற்று. (இன்றைக்கும் எங்கள் வீட்டில் நவீனத் துப்பாக்கி எதுவும் கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. அந்த அரசியல் வேறு.)

முதல் வகுப்பில் துப்பாக்கி வெடிக்கவே இல்லை. கவுண்டி பொருட்காட்சித் திடலில் ஒரு தகரக் கொட்டகை, நீள மேசைகள், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் கையில் மருந்தே கொடுக்கவில்லை. அதற்குப் பதில் ரவை மாதிரி ஏதோ ஒரு தானியத் தூள். ஏற்றும் வரிசையை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். முதலில் கோலை உள்ளே விட்டு, குழல் காலிதானா என்று பார்ப்பது. மருந்தை அளவைக் குழாயில் அளப்பது. குழலின் வாயைத் தன் முகத்திலிருந்து விலக்கிப் பிடித்துக் கொட்டுவது. துணி. குண்டு. கோலில் போட்டிருக்கும் கோடு குழலின் வாயோடு சேரும்வரை இறக்குவது. தொப்பி மட்டும் சுடும் கோட்டில் போய் நின்ற பிறகுதான், மேசையில் வைத்து ஒருநாளும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கொட்டகை திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது மாதிரி ஆகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. நான்கு ஆண்டு கழித்து ஃபிரெண்ட்ஷிப்பில், வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டதால்தான் மருந்தை மறந்தேன். பக்கத்தில் இருந்தவர் பேச்சுக் கொடுத்தார், நான் பதில் சொல்லிக்கொண்டே ஏற்றினேன். இந்த விளையாட்டில் நடக்கிற தப்புகளில் பெரும்பாலானவை அரட்டையில்தான் பிறக்கின்றன. இப்போது யார் பேசினாலும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு உதட்டசைவில் வரிசையைச் சொல்லிக்கொள்கிறேன். அங்கே யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

கொம்புக் குப்பியிலிருந்து நேராகக் குழலில் மருந்தைக் கொட்டக்கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிட்டார்கள். படங்களில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். முந்தைய வெடியின் கங்கு ஒரு துளி உள்ளே மிச்சமிருந்தால், அளவைக் குழாயில் இருக்கிற மூன்று கிராம் பற்றும், கை சுடும். கொம்பிலிருந்து கொட்டினால் கால் கிலோ கையிலேயே வெடிக்கும். அளவை அவர்கள் கிரெயினில் சொல்வார்கள். அரை அங்குலக் குழலுக்கு, இலக்கில் சுட, 50 கிரெயின் என்பது சாதாரணம். அது மூன்று கிராமுக்குக் கொஞ்சம் கூட. அப்புறம், எல்லாவற்றுக்கும் மேலான ஒரு விதி: நவீனத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து இந்தத் துப்பாக்கிக்குள் போகவே கூடாது, ஒரு சிட்டிகை கூட. அழுத்தம் தாங்காமல் குழல் பிளந்துவிடும்.

இரண்டாம் வகுப்பில் மகள் சுட்டாள். அவளுக்குக் கொடுத்தது ஆறாம் எண். இரவல் துப்பாக்கிகள் எல்லாவற்றுக்கும் கட்டையில் வெள்ளை பெயிண்டால் எண் போட்டிருந்தார்கள். ஆறாம் எண்ணுக்குப் பிடிப் பக்கம் கட்டை ஒரு தடவை விரிசல் விட்டு, பித்தளைக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தது. பின்னால் ஓர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் அம்மா, கை அவள் தோளுக்கு அரை அடி தள்ளி, தொடாமல், ஆனால் எப்போது வேண்டுமானாலும் தொடத் தயாராக. வெடித்தது. நவீனத் துப்பாக்கியின் ‘சளீர்’ இல்லை இது, ஊதின மாதிரி ஒரு கனத்த ‘பூம்’. வெள்ளைப் புகை முன்னால் திரண்டு நின்று, இலக்கையே மறைத்துவிட்டது. காற்று எங்கள் பக்கம் திருப்பியதும் அந்த வாசனை. சத்தியமாகச் சொல்கிறேன், தீபாவளியன்று விடிகாலை ஐந்தரைக்குத் தெரு இருக்குமே, அதே வாசனை. வெடியுப்பு, கந்தகம், கரி: சிவகாசிக்கும் ஓஹையோவுக்கும் சரக்கு ஒன்றுதான். புகை கலைந்து பார்த்தால் தாளில் ஓட்டையே இல்லை. அவள் திரும்பி, “அடுத்தது எப்போ?” என்றாள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். அந்தக் கொட்டகையில் இருந்த எட்டு இரவல் துப்பாக்கிகளும், தோளுக்கு அரை அடி பின்னால் நின்ற கையும் இல்லாவிட்டால் நாங்கள் மூன்றாவது வகுப்புக்கே போயிருக்க மாட்டோம். பாரம்பரியத்தைக் காப்பாற்றுவது என்று பேசும்போது அருங்காட்சியகம், மாநாடு, விழா என்றெல்லாம் நினைக்கிறோம். என் அனுபவத்தில், எந்தத் திட்டம் புது ஆளிடம் ‘முதலில் சுட்டுப் பார், வாங்குவதை அப்புறம் பேசலாம்’ என்று சொல்கிறதோ, அதில்தான் ஆட்கள் நிற்கிறார்கள். சாமான் பட்டியலை முதலில் கொடுக்கிற கிளப்புகளுக்கும் போயிருக்கிறேன். அங்கே ஒரே பத்துப் பேர், வருடா வருடம் ஒரு வயது கூடி.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் நான் அவசரப்பட்டுத் துப்பாக்கி வாங்கினேன் என்பது தனிக் கதை. ஒரு வீட்டில் பெரியவர் இறந்துபோய் சாமான்களை விற்றார்கள். கணப்பு அடுப்பின் மேல் சுவரில், யாருடைய தாத்தா காலத்திலிருந்தோ தொங்கிய ஒரு தொப்பித் துப்பாக்கி, 120 டாலர். பேரம் பேசாமல் வாங்கிப் பின் சீட்டில் போட்டேன். பக்கத்தில் மகள். வீட்டில் கூடத்தில் உட்கார்ந்து சுத்தியலை இழுத்து விட்டு, இழுத்து விட்டு, ‘டிக் டிக்’ என்று விளையாடினேன். மனைவியிடம் காட்டினேன். மறுவாரம் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த ஓட்டுநர் அம்மா என் கையிலிருந்து வாங்கியதும் செய்த முதல் காரியம், வாயை யாரும் இல்லாத திசைக்குத் திருப்பி, குண்டு இறக்கும் கோலை உள்ளே விட்டது. கோல் நின்ற இடத்தில் வாயோடு விரலை வைத்துப் பிடித்து, வெளியே எடுத்து, குழலின் வெளிப்பக்கமாகச் சாய்த்து வைத்துக் காட்டினார். கோலின் நுனி முளை இருக்கும் இடம்வரை வந்திருக்க வேண்டும். மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. யாரும் எதுவும் பேசவில்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். முளையைக் கழற்றி, அந்தத் துளை வழியாகத் தண்ணீர் ஊற்றி உள்ளே இருப்பதை நன்றாக ஊற வைத்தார்கள். பிறகு நுனியில் திருகாணி உள்ள கோலை இறக்கிக் குண்டில் முறுக்கி இழுத்தார்கள். முதலில் சாம்பல் பூத்த ஈயக் குண்டு, அதோடு மட்கிப்போன துணி, கடைசியில் கறுப்புக் குழம்பாக மருந்து. மருந்தோடு குண்டும் இருந்த துப்பாக்கியை என் மகள் பக்கத்தில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். கருமருந்து உலர்வாக இருந்தால் பல பத்தாண்டுக்குப் பிறகும் பற்றும். முளையில் ஒரு தொப்பி மட்டும் இருந்திருந்தால்! அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மனைவியிடம் இதைச் சொல்ல எட்டு மாதம் ஆயிற்று.

ஆகவே, பழைய மசில்லோடர் எது கைக்கு வந்தாலும், யார் கொடுத்தாலும், சுவரில் அலங்காரத்துக்குத் தொங்கியதாக இருந்தாலும், முதலில் கோலை விட்டு உள்ளும் வெளியும் அளந்து பாருங்கள். நவீனத் துப்பாக்கியில் திறந்து பார்த்தால் தெரியும், இதில் திறக்க ஒன்றுமே இல்லை. அப்படியே, நீங்களே குண்டை உருவ முயலாதீர்கள்.

இனி ஃபிரெண்ட்ஷிப். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 62ஆம் எண் மாநிலச் சாலையில் லாஃபரி ஓடை வளைந்து போகும் பள்ளத்தாக்கில், கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிடக்கூடிய ஊர். தேசிய மசில்லோடிங் ரைஃபிள் சங்கத்தின் களம் அங்கேதான் இருக்கிறது. சங்கம் 1933இல் ஓஹையோவின் போர்ட்ஸ்மத் ஊரில் பிறந்தது. அந்தக் காலத்திலேயே இது செத்துப்போன கலை. தாத்தாக்களின் துப்பாக்கிகளைத் தூசு தட்டி ஒரு போட்டி வைத்தார்கள், அது பிடித்துக்கொண்டது. களத்துக்கு வால்டர் கிளைன் என்கிற டென்னசிக்காரரின் பெயர். ஜூனிலும் செப்டம்பரிலும் தேசியப் போட்டி. கூடாரம், கேரவன், வறுத்த சோள மணம், நாய்கள், பேரக்குழந்தைகள். திருவிழாவுக்கு வருவது மாதிரி வருகிறார்கள், ஒரே இடத்தில் நாற்பது வருடமாகக் கூடாரம் போடுகிற குடும்பங்களைப் பார்த்தேன்.

ஒரு பக்கம் தாள் இலக்குப் போட்டிகள். இன்னொரு பக்கம் ‘பிரிமிட்டிவ்’ களம்: அங்கே 1840க்கு முந்தைய உடுப்பில்தான் போக முடியும். மான்தோல் சட்டை, மொக்காசின் செருப்பு, கண்ணாடிகூட அந்தக் காலத்து வட்டச் சட்டம். கோடரியை நட்டு, அதன் விளிம்பில் சுட்டுக் குண்டை இரண்டாகப் பிளந்து, இரண்டு பக்கமும் வைத்திருக்கும் மண் தட்டுகளை உடைக்க வேண்டும். ஒருவர் உடைத்ததை என் கண்ணால் பார்த்தேன். ஓடிக்கொண்டே ஏற்றிச் சுடும் ‘செனிகா’ ஓட்டமும் உண்டு, அதற்கு என் முட்டி ஒத்துழைக்காது.

உடுப்பு விஷயத்தில் எனக்கு ஒரு நெருடல் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. பென்சில்வேனியாவில் லான்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் உருவாக்கிய, அந்த உடுப்போடு எடுத்துவரும் நீளத் துப்பாக்கி அழகானது. மேப்பிள் கட்டையின் வரிகள் புலித்தோல் மாதிரி ஓடும். அதே துப்பாக்கிதான் பூர்வகுடிகளை நிலத்தை விட்டுத் துரத்தவும் போனது. வர்ஜீனியாவில் வின்செஸ்டர் பக்கத்தில் வட-தென் ஸ்கர்மிஷ் சங்கம் என்று ஒன்று 1950இலிருந்து இருக்கிறது, உள்நாட்டுப் போர்க்காலத் துப்பாக்கிகளோடு எட்டுப் பேர் அணியாக நின்று ஓடுகளை உடைக்கிற போட்டி. பார்க்க அவ்வளவு விறுவிறுப்பு, ஆனால் அணிக்கு ஏற்ற சீருடை போட வேண்டும், அடிமைமுறைக்காகப் போரிட்ட படையின் சாம்பல் நிறச் சீருடையும் அதில் உண்டு. மாட்டிறைச்சிக் கடைக்குப் போன சைவப்பிள்ளை மாதிரி ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்தேன். நான் தாள் இலக்கோடு இருந்துகொண்டேன். இதை ஃபிரெண்ட்ஷிப்பில் அந்த ரேஞ்ச் ஆபீசரிடமே ஒருநாள் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “உங்கள் ஊர் வெடியுப்பு இல்லாமல் இங்கிலாந்துக்காரன் எங்களோடு சண்டை போட்டிருக்க முடியாது, தெரியுமா?” என்றார். பதினெட்டாம் நூற்றாண்டில் பீகாரிலிருந்து கங்கை வழியாகக் கப்பல் கப்பலாக வெடியுப்பு போனது உண்மைதான். பீகார் என் ஊர் இல்லை என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். நம் பக்கத்தில் வேறு ஓர் உறவும் இருக்கிறது: குடகில் கைல்போத் பண்டிகைக்குத் துப்பாக்கியைப் பூப்போட்டுக் கும்பிட்டுவிட்டு, உயரத்தில் கட்டிய தேங்காயைச் சுடுவார்களே, அதைச் சொன்னபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த ஜூனுக்குத் தேங்காய் கொண்டு வரச் சொன்னார். கொண்டுபோனேன்.

ஃபிரெண்ட்ஷிப் சங்கம் சும்மா போட்டி மட்டும் நடத்துவதில்லை. பயிற்றுநர் சான்றிதழ் வகுப்பு இருக்கிறது, நான் பிறகு அதைத்தான் எடுத்தேன். சாரணர் பிள்ளைகளுக்கு ரைஃபிள் பேட்ஜில் மசில்லோடர் ஒரு விருப்பப் பிரிவு. அதற்குத் துப்பாக்கியும் ஆளும் கொடுத்து உதவுவார்கள். கென்டக்கியின் பவுலிங் கிரீனில், பல்கலைக்கழக வளாகத்தில், துப்பாக்கி செய்யும் கலைக்குப் பல ஆண்டுகள் கோடைப் பட்டறை நடத்தியிருக்கிறார்கள். போய் வந்த ஒரு நண்பர் ஒரு வாரம் முழுக்க ஒரே ஒரு பூட்டை (சுத்தியலை இயக்கும் பொறியை) அரத்தால் ராவிக்கொண்டிருந்ததாகச் சொன்னார், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் இன்னும் ஆசான்–சீடன் முறையில் குழல், பூட்டு, கட்டை மூன்றையும் கையால் செய்யப் பழக்குகிறார்கள். பென்சில்வேனியாவில் 1974இலிருந்து சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனி மான் வேட்டைப் பருவம். நான் வேட்டைக்குப் போவதில்லை, ஆனால் சிக்கிமுக்கிப் பூட்டு செய்கிறவனுக்கு இன்றும் சோறு கிடைப்பதில் அந்தப் பருவத்துக்குப் பங்கு உண்டு என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். உலகப் போட்டியும் இருக்கிறது. அரை மணி நேரத்தில் பதின்மூன்று வெடி, அதில் நல்லதாகப் பத்து கணக்கு. பதின்மூன்றில் மூன்று கோளாறை அனுமதிக்கிற விளையாட்டு என்பதே எனக்குப் பிடித்துப்போயிற்று.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் நம் ஆட்கள் முதலில் கேட்பது அதைத்தான். 1968 கூட்டரசுச் சட்டப்படி, கருமருந்துக்கென்று செய்த, தோட்டா போட முடியாத மசில்லோடர் ‘பழம்பொருள்’ வகை. ஆகவே பல மாநிலங்களில் தபாலில்கூட வரும். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், குழலை மாற்றி நவீனத் துப்பாக்கியாக்கக்கூடிய மாதிரிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி தொடர்பான சட்டம் ரொம்பக் கறார். நண்பர் சொன்னார், வீடியோவில் பார்த்தேன் என்று இறங்காமல் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் குடியுரிமை வாங்கிய பிறகுதான் தொட்டேன். மருந்தை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோகக் கூடாது. மருந்து மட்டுமில்லை: களத்துக்குக் கொண்டுபோன அதே தோள்பையோடு நான் ஒரு தடவை ஊருக்குக் கிளம்பினேன். விமான நிலையத்தில் துணியால் பையைத் துடைத்துக் கருவியில் வைத்தார்கள், அது அலறியது. ஒரு மணி நேரம், தனி அறை, ஊருக்கு வாங்கிய சாக்லேட் வரை பிரித்துப் பார்த்தார்கள். பக்கத்தில் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. களத்துப் பை களத்துக்கு மட்டும்.

சுத்தம் செய்வது பாதி விளையாட்டு. கருமருந்தின் மிச்சம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், இரும்பைத் தின்னும். ஒருநாள் சுட்டுவிட்டு அசதியில் ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று படுத்தேன். ஜூலை மாத ஓஹையோ காற்றில் தண்ணீர் சொட்டும். காலையில் வெள்ளைத் துணியை விட்டு எடுத்தால் மிளகாய்ப்பொடி நிறத்தில் துரு. இப்போது வந்ததும் முதல் வேலை: வெந்நீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு, குழலின் அடியை வாளியில் வைத்து, துணி சுற்றிய கோலால் பம்பு மாதிரி இழுத்து இழுத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அதனால் சமையலறையில் எனக்கு அனுமதி இல்லை. கராஜில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். காய்ந்ததும் எண்ணெய். துணித் துண்டுக்குத் தடவ அவர்கள் தேன்மெழுகோடு ஏதேதோ கொழுப்பைக் கலப்பார்கள், கரடிக் கொழுப்புகூட. நான் தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும் உருக்கிக் கலந்தேன். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் கரி தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும், இதில் அந்தத் தொல்லை இல்லை. நவம்பரில் கல்லாகிவிடும், அது ஒன்றுதான் குறை. வரிசையில் எனக்கு ‘தேங்காய்’ என்றே ஒரு பெயர் விழுந்துவிட்டது.

அந்தத் துணித் துண்டுகளைப் பற்றி இன்னொன்று. சுட்ட பிறகு, களம் மூடியதும், முன்னால் சில அடி தூரத்தில் அவை விழுந்து கிடக்கும். பொறுக்கிப் பாருங்கள். வட்டமாகக் கரி படிந்து ஓரம் மட்டும் பிசிறியிருந்தால் எல்லாம் சரி. நடுவில் எரிந்து ஓட்டையானால் துணி மெலிசு அல்லது எண்ணெய் போதவில்லை. கத்தியால் வெட்டின மாதிரி கீறல் இருந்தால் குழலின் வாய் விளிம்பு கூராக இருக்கிறது. நான் மூன்று மாதம் கண்ணைக் குறை சொல்லிக்கொண்டு கண்ணாடி மாற்றினேன். தப்பு துணியில் இருந்தது.

சிக்கிமுக்கிக்கு வருகிறேன் என்றேன். அதில் கிண்ணித் தூள் ‘புஸ்’ என்று எரிந்துவிட்டு உள்ளே வெடிக்காமல் போவது அன்றாடம் நடக்கும். அப்போதுதான் ரொம்பக் கவனம். சில சமயம் நொடி தாமதித்து வெடிக்கும். வாயை இலக்கை விட்டுத் திருப்பாமல் எங்கள் களத்தில் முழுதாக ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அப்படி நிற்கும்போதுதான் தெரியும்.

போன செப்டம்பரில் ஒரு சிறுவனுக்கு அது நடந்தது. பின்னால் நான், கை அவன் தோளுக்கு அரை அடி தள்ளி. இப்போது சனிக்கிழமைகளில் அந்த இடம் எனக்கு. ஓட்டுநர் அம்மாவுக்கு இடுப்பு அறுவைக்குப் பிறகு நிற்க முடிவதில்லை, நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை. கிண்ணி எரிந்தது, வெடிக்கவில்லை. பையன் துப்பாக்கியைத் தாழ்த்தப் போனான். “அப்படியே பிடி, எண்ணு” என்றேன். சத்தமாக எண்ண ஆரம்பித்தான். இருபதில் கை நடுங்கியது, அடியில் என் கையைக் கொடுத்துத் தாங்கினேன். நாற்பதில் வரிசையே அவனோடு சேர்ந்து எண்ணியது. அறுபது வந்ததும் துளையைக் கம்பியால் குத்தி, புதுத் தூள் போட்டு, மறுபடி விசையை இழுத்தான். புகைக்குள்ளிருந்து அவன் சிரிப்புதான் முதலில் கேட்டது.

இரவல் அலமாரியின் சாவி இப்போது என்னிடம். இரண்டாம் எண்ணுக்குப் புதுக் கல் வேண்டும். ஆறாம் எண்ணின் பித்தளைக் கம்பி அப்படியே இருக்கிறது, முளைதான் தேய்ந்துவிட்டது, தொப்பி நழுவுகிறது. கல்லூரியிலிருந்து வரும் வியாழன் வருகிறாள் மகள், மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை ஒன்பது புதுப் பிள்ளைகள், துப்பாக்கி எட்டு. என்னுடையதையும் எடுத்து வைத்திருக்கிறேன், கோலை விட்டு அளந்து பார்த்துவிட்டு.